சென்சாரை வேகவைத்த சாயங்காலம்

வேன்காரரைத் தலைமையாசிரியை திட்டிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தாமல் திட்டக்கூடியவர் அவர். அதுதான் கஷ்டம். கத்துகிறவர்களிடம் காதைப் பொத்திக்கொண்டு தப்பிக்கலாம்; மெல்லப் பேசுகிறவர்களிடம் குனிந்து, உற்றுக் கேட்டல்லவா திட்டு வாங்கவேண்டியிருக்கிறது.

"வாரம் பூரா மணி அடிச்ச பிறகுதான் வர்றீங்க. வண்டின்னா முன்னப்பின்ன ஆகும்னு விட்டேன். இப்ப பிள்ளைங்க தாகத்தோட வந்து இறங்குதுங்க. என்னன்னு கேட்டா, 'எங்க தண்ணியை வேன் குடிச்சிருச்சு மிஸ்'ங்குது. என்ன கூத்து இது?"

பிள்ளைகள் சொன்னது அத்தனையும் உண்மை. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறிச் சிவப்புக் கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேன்காரர் பயந்த சுபாவம். எஞ்சின் வெந்துபோனால் வண்டியே போச்சு என்று ஓரம்கட்டி நிறுத்துவார், ஆறவிடுவார், மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். அவரிடம் இருக்கும் தண்ணீர் தீர்ந்ததும், கேட்காமலே ஜன்னல் வழியாகக் குட்டிக் குட்டிக் கைகள் தண்ணீர்ப் பாட்டில்களை நீட்டும். பிள்ளைகள் மனசு அப்படி. வேண்டாம் என்றால் அழுதுவிடுவார்கள் போலிருக்கும்.

"நாளைக்கு மணி அடிக்கிறதுக்குள்ள வந்தா இந்த வேன். இல்லைன்னா வேற வேன் பார்த்துக்கறோம்" என்றார் தலைமையாசிரியை. "எனக்கு மட்டும் சந்தோஷமா இதைச் சொல்ல? என்னையும் மேல கேள்வி கேக்க ஆள் இருக்கே."

வேன்காரருக்கு அந்த ஒரு சவாரிதான் சோறு. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீடு என்றால் அக்கா வீடு. முன்பக்கம் தகரக்கூரை போட்ட பட்டறை, பின்னால் ஒரு கூடம், சமையலறை, இரண்டு அறை. பட்டறை அத்தானுடையது. ஊரில் பாதி வண்டிகளுக்கு அவர்தான் மெக்கானிக். கை சுத்தம், மனசும் சுத்தம். ரோஷம் மட்டும் கொஞ்சம் தூக்கல். இரண்டு வாரமாக மைத்துனர்மேல் அவருக்கு ஒரு கோபம் புகைந்துகொண்டிருந்தது. காரணம் இதுதான்: வேனின் பழைய வெப்ப சென்சார் செத்துப்போனபோது, வேன்காரர் தெருமுக்கு உதிரிபாகக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, தானே மாட்டிக்கொண்டுவிட்டார்.

"அந்த சென்சார்தான் பொய் சொல்லுது, மச்சான்" என்றார் மெக்கானிக், விஷயத்தைக் கேட்டதும். "பம்ப்பைப் பார்த்தாச்சு, பெல்ட்டைப் பார்த்தாச்சு, ஒரு குறையும் இல்லை. நான் ஒருத்தன் இங்க ஸ்பானரும் கையுமா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். நீ முக்குக்கடையில போய் வாங்குவே. அவன் கடையில சைக்கிள் பெல்லு வாங்கினாக்கூட ஹாரன் சத்தம்தான் வரும்."

"அன்னைக்கு நீங்க இடுப்பு வலின்னு படுத்திருந்தீங்க அத்தான். எழுப்ப வேண்டாம்னுதான்…"

"இடுப்புதானே வலிச்சுது? 'அதை வாங்காதே'ன்னு சொல்றதுக்கு வாய் போதுமே!"

வேன்காரரின் மனம் வேறு கணக்குப் போட்டது. சென்சார் பொய் சொல்கிறது என்றால் நாளைக்கு முள் எங்கே போனாலும் கவலைப்படாமல், எங்கும் நிறுத்தாமல் ஓட்டிப்போய் மணிக்கு முன்னால் சேர்ந்துவிடலாம். உண்மை சொல்கிறது என்றால் எஞ்சினில் ஏதோ பெரிய கோளாறு. விடிவதற்குள் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது நடக்கிற காரியமில்லை. 'ஆண்டவனே, இது பொய் சொல்லணும்' என்று மனசுக்குள் கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் கூச்சமாகிவிட்டது. பொய் வேண்டும் என்று கடவுளிடம் போய்க் கேட்பார்களா யாராவது?

"சோதிச்சுப் பார்த்துரலாம்" என்று சென்சாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார் மெக்கானிக்.

சென்சார் என்பது பெருவிரல் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் மூக்கை நனைத்தபடி உட்கார்ந்திருக்கும். தண்ணீர் சூடானால் அதன் மின்தடை குறையும்; ஆறினால் கூடும். அதற்கேற்றபடிதான் வண்டியில் முள் ஆடும். இத்தனை சூட்டுக்கு இத்தனை ஓம் என்று கம்பெனி அச்சடித்த அட்டை பட்டறைச் சுவரில் தொங்கியது. ஆக, தெரிந்த சூட்டில் சென்சாரை வைத்து, மல்டிமீட்டரில் வருகிற எண்ணை அட்டையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தெரிந்த சூட்டுக்கு எங்கே போவது? பட்டறையில் இருந்த தெர்மாமீட்டர் உடைந்து நாளாகிவிட்டது. வீட்டில் இருந்ததோ காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். அதுவும் மாமனாரின் சட்டைப்பையில் இருந்தது. அதை அவர் பேனா மாதிரி எந்நேரமும் குத்திவைத்திருப்பார்.

"கடவுள் மூணு அளவு இலவசமாக் கொடுத்திருக்கார்" என்றார் மெக்கானிக். "உருகுற ஐஸ் ஒண்ணு. கொதிக்கிற தண்ணி ஒண்ணு. நடுவுல மனுஷ உடம்பு ஒண்ணு. இது மூணும் எங்க போனாலும் மாறாது."

"அந்த மூணுல என் பால் பாத்திரம் கிடையாது" என்றாள் அக்கா. "பித்தளையும் கிரீஸுமா அதுல எதையாவது விட்டீங்க, ராத்திரி சாப்பாடு உங்க பட்டறையிலதான்."

வீட்டுக் குளிர்பெட்டியில் ஐஸ் இல்லை. மாடியில் குடியிருக்கும் வாடகைக்கார அம்மாவிடம் கேட்டதும், தட்டோடு எடுத்துக்கொண்டு இறங்கிவந்தார். ஐஸைக் கொடுத்துவிட்டுப் போகிறவரா? என்ன, ஏது என்று கேட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஐஸை உடைத்துத் தண்ணீரோடு கலக்கி, சென்சாரை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். எண் ஏறி ஏறி, ஐயாயிரத்து எண்ணூறைத் தாண்டி நின்றது. அட்டையைப் பார்த்தார்கள். அதே எண்.

"ஒரு குருட்டுப் பூனை விட்டத்துல தாவுற மாதிரி" என்றார் மெக்கானிக், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "அடுத்தது பார்ப்போம். உடம்பு."

இந்த இடத்தில் மாமனாரைப் பற்றி, அதாவது வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அக்காவுக்கும் வேன்காரருக்கும் அப்பா. வேலைபார்த்த காலமெல்லாம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் காவலாளி. கறியும் காயும் உறைந்து கிடக்கும் அந்த இருட்டுக்குள் போய்ப் போய்வந்து, உலகத்தில் உள்ள தீமை எல்லாம் குளிர் வழியாகத்தான் வருகிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். தலையில் கம்பளிக் குல்லா, கழுத்தில் மப்ளர், காலில் உறை, கொளுத்துகிற வெயிலிலும். அவர் தன்னை மட்டும் போர்த்திக்கொள்கிற ஆளில்லை. தூங்குகிறவர்களை எல்லாம் எழுந்து எழுந்து போர்த்திவிடுவார். தண்ணீர்க் குழாயைத் துணிசுற்றி வைத்திருப்பார். ஒருமுறை தபால் கொண்டுவந்தவர் தும்மினார் என்பதற்காக அவர் காதில் பஞ்சு வைத்து அனுப்பினார்.

"உடம்புன்னா என் உடம்பு இருக்கே!" என்று கூடத்திலிருந்து எழுந்து வந்தார் பெரியவர். இத்தனை காலத்தில் அவருடைய உடம்புச் சூட்டை யாரும் விரும்பிக் கேட்டதில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இந்தக் கையிடுக்குல சென்சார், அந்தக் கையிடுக்குல தெர்மாமீட்டர். எது பொய் சொல்லுதுன்னு பார்த்துரலாம்."

பட்டறைக்காரர் வீட்டுச் சமையலறையில், இரண்டு கையிடுக்கிலும் ஒவ்வொன்றை வைத்துக்கொண்டு, இறக்கையை மடக்கிய கோழி மாதிரி பெரியவர் அசையாமல் நின்றார். ஒருபக்கம் கம்பி தொங்கியது. எல்லோரும் மல்டிமீட்டரையே பார்த்தார்கள். எண் இறங்கி இறங்கி ஆயிரத்து முந்நூறில் நின்றது.

"ஆயிரத்து முந்நூறா!" என்று பயந்துபோனார் மாடிவீட்டம்மா. "அவ்வளவு காய்ச்சலா அடிக்குது பெரியவருக்கு?"

"அது காய்ச்சல் இல்லைம்மா, ஓம். இதுல எண்ணு கூடினா குளிர்ச்சி, குறைஞ்சா சூடு."

தெர்மாமீட்டரில் முப்பத்தேழு. அட்டையில் முப்பத்தேழுக்கு நேராகப் பார்த்தால் ஆயிரத்து முந்நூறு. வேன்காரர் விரலை வைத்து அந்த வரியை இன்னொருமுறை படித்தார். பொய் சொல்லும் என்று நம்பியிருந்த சென்சார் அரிச்சந்திரனுக்கு அண்ணனாக இருக்கும் போலிருந்ததே.

இதற்குள் மாடிவீட்டம்மாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "அப்ப எங்க வீட்டுக்காரரையும் ஒரு பார்வை பார்த்துருங்களேன். நானும் வருஷக்கணக்கா சொல்றேன், அது மனுஷனே இல்லை, ஐஸ் கட்டின்னு. ஒரு நல்லது கெட்டதுக்கு வாயைத் திறக்கறதில்லை."

அவர் மறுப்பு எதிர்பார்த்துக் கேட்கவில்லை. படிக்கட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். மாடிவீட்டுக்காரர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இறங்கிவந்தார். மனைவி கீழே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மேலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார் என்பது அவர் கையைப் பார்த்தாலே தெரிந்தது. எதற்கு, என்ன என்று ஒன்றும் கேட்காமல் நீட்டியதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

எண் சட்டென்று இரண்டாயிரத்தைத் தாண்டியது.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா? நான் சொல்லலை?" என்று முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டார் அந்த அம்மா. "மிஷினே சொல்லிருச்சு!"

"அவசரப்படாதீங்க" என்றார் மெக்கானிக். "கொஞ்ச நேரம் கையிலயே இருக்கட்டும்."

மாடிவீட்டுக்காரர் விரல்களை மடக்கி மூடிக்கொண்டு நின்றார். ஈரம் உலர உலர எண் இறங்கியது. ஆயிரத்து எண்ணூறு. ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து நானூறு. அந்த அம்மா மல்டிமீட்டரையும் கணவரின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில், "பச்சைத் தண்ணியிலயா கழுவினீங்க? சுடுதண்ணி அடுப்புலயே இருந்துச்சே" என்றார், இதுவரை யாரும் கேட்டிராத குரலில்.

மனிதர்களைத் தொட்ட உடனே அளக்கக்கூடாது. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தால் எல்லார் எண்ணும் ஒரே இடத்துக்குத்தான் வரும். ஆனால் இதை யோசிக்கிற நிலையில் வேன்காரர் இல்லை. அவருக்குக் கொதிக்கிற தண்ணீர் பாக்கி இருந்தது.

பழைய பாத்திரம் ஒன்றை அக்கா மனமிரங்கிக் கொடுத்தாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாத்திரத்தின் அடி படாமல் சென்சாரை நூலில் தொங்கவிட்டு, மெக்கானிக் கரண்டிக்காம்பில் முடிச்சுப் போட்டார். ஆவியில் அவர் முகம் வேர்த்தது. ஒரு குற்றவாளியை வேகவைத்து உண்மையை வரவழைக்கிறவர் மாதிரி, "சொல்லு, சொல்லு" என்றார்.

சென்சார் சொல்லிற்று. நூற்றெண்பத்தேழு. அட்டையிலும் நூற்றெண்பத்தேழு.

மெக்கானிக் அடுப்பை அணைத்தார். ரோஷக்காரர்தான், ஆனால் எண்ணை எண் என்று ஒப்புக்கொள்ளாத ஆள் இல்லை. "மச்சான்" என்றார், மெதுவாக. "முக்குக்கடைக்காரன்மேல பழி போட்டுட்டேன். உன்மேலயும்தான். இது சுத்தமான சாமான். உண்மையைத்தான் சொல்லியிருக்கு. வண்டி நிஜமாவே கொதிக்குது."

வேன்காரர் அம்மிக்கல் மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாளைக்குப் போச்சு" என்றார். "காலையில வேற வேனை ஏற்பாடு பண்ணச் சொல்லி நானே போய்ச் சொல்லிடறேன் அக்கா. பிள்ளைங்க தெருவுல நிக்கக்கூடாது."

அப்போது பெரியவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அப்ப வண்டி நிஜமாவே சூடாத்தான் இருக்கா?"

"ஆமா மாமா. சந்தேகமே இல்லை."

"அப்பாடா!" என்றார் பெரியவர், நெஞ்சில் கைவைத்து. "போர்வை வேலை செய்யுது!"

மெக்கானிக் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"என்ன போர்வைப்பா?" என்றாள் அக்கா.

"பனி இறங்க ஆரம்பிச்சிருச்சில்ல? விடியக்காலையில தம்பி வண்டியைக் கிளப்பறப்ப அது இருமுறதைக் கேட்டிருக்கியா? லொக்கு லொக்குன்னு. கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. முன்பக்கம் காத்து நேரா மூஞ்சியில அடிக்குதேன்னு என் கறுப்புக் கம்பளியைக் கீழ்வழியா உள்ள விட்டு, நல்லா இறுக்கி, கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். அதுலயிருந்து இருமலும் நின்னுச்சு, சூடும் நிக்குது."

அந்த வேனுக்கு எஞ்சின், ஓட்டுகிறவரின் இருக்கைக்கு அடியில்; தண்ணீர் ஊற்றும் மூடியும் அங்கேதான். தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் மட்டும் முன்பக்கத்தில், கம்பிகளுக்குப் பின்னால், காற்றுக்கு முகம்காட்டிக்கொண்டு இருந்தது. மெக்கானிக் எத்தனையோ தடவை இருக்கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார். சென்சார்தான் திருடன் என்று முடிவுகட்டிவிட்டதால் வண்டியின் முன்னால் மண்டிபோட்டு, குனிந்து ஒருமுறை பார்க்கவில்லை.

வேன்காரர் தரையிலிருந்து எழுந்தார். வாரம் பூரா வாங்கிய திட்டு அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. "அப்பா, உங்களுக்கு எதுல…" என்று ஆரம்பித்தார். மெக்கானிக் அவர் தோளில் கைவைத்து அழுத்தினார். அந்த அழுத்தத்தில் எவ்வளவு பிரியம் இருந்தது என்பது வேன்காரருக்கு மட்டும்தான் தெரியும். தோள் மறுநாளும் வலித்தது.

"மாமா" என்றார் மெக்கானிக். "வண்டிக்கு இப்ப காய்ச்சல். போர்வையோட இருந்தா இறங்காது."

பெரியவர் விறைத்து நின்றார். குளிரில் அவர் எப்படியோ; காய்ச்சல் விஷயத்தில் அவரை யாரும் அசைக்கமுடியாது.

"காய்ச்சலா? காய்ச்சக்காரனுக்குக் கம்பளி போர்த்தறதா? எந்த முட்டாள் செஞ்சான் இந்த வேலையை?"

"நீங்கதாம்ப்பா" என்றாள் அக்கா.

"நான் குளிர்னு நினைச்சில்ல போர்த்தினேன்! காய்ச்சல்னு ஒரு வார்த்தை எவனாவது சொன்னீங்களா? வீட்டுல ஒருத்தருக்கு முடியலைன்னா என்கிட்ட சொல்றதே கிடையாது!" என்று திட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

அத்தனைபேரும் பின்னால் போனார்கள். பெரியவர் வண்டியின் முன்னால் மல்லாந்து படுத்து, கயிற்றை அவிழ்த்து, கம்பளியை உருவினார். புகையும் எண்ணெயும் ஏறி அது பாதி வெந்திருந்தது. மாடிவீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, பெரியவரின் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். சென்சாரைத் திரும்ப மாட்டி, வண்டியைக் கிளப்பி நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். முள் நடுவுக்கு வந்து, அங்கேயே நின்றது. "நின்னுகிட்டு இருக்கறப்ப எல்லா வண்டியும் யோக்கியன்தான். ரோட்டுல ஓடிப்பார்த்தாத்தான் தெரியும்" என்றார் மெக்கானிக். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

காலையில் வேன்காரர் வாசலுக்கு வந்தபோது, பெரியவர் வண்டியிலிருந்து தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அந்தக் காய்ச்சலே போர்வையாலதான் வந்துச்சோ?"

வேன்காரர் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். முந்தினநாள் பொய்யை வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. "ஆமாப்பா" என்றார். பிறகு, "நடுங்குதேன்னு நீங்க போர்த்தினீங்க. அது என் வண்டி. அது இருமினது உங்க காதுலதானே விழுந்துச்சு, என் காதுல விழலையே" என்றார்.

பெரியவர் வண்டியிலிருந்து இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். "இனிமே முன்பக்கமே போகமாட்டேன்" என்றார். "நேரமாச்சு, கிளம்பு."

வழியில் முள் நடுக்கோட்டை விட்டு நகரவில்லை. சிக்னலில் நின்றபோதும், மேட்டில் ஏறியபோதும் நகரவில்லை. வேன்காரர் ஒரு கண்ணை ரோட்டிலும் மறு கண்ணை முள்ளிலும் வைத்து ஓட்டினார். பாதி தூரம் போய், முள்மேல் நம்பிக்கை வந்த பிறகுதான், அதற்கு மேலே டாஷ்போர்டுப் பலகையில் ஏதோ வெள்ளையாக இருப்பதைக் கவனித்தார். நான்காக மடித்து, நனைத்துப் பிழிந்த ஒரு துண்டு. காய்ச்சல்காரர் நெற்றியில் போடுவதுபோலப் பதமாகப் போட்டிருந்தது. முன்பக்கம் போகமாட்டேன் என்று சொல்வதற்கு முன்பே, கதவைத் திறந்து உள்ளே போட்டுவிட்டிருக்கிறார் பெரியவர். வேன்காரர் அதை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையால் துண்டின் விளிம்பைச் சரிசெய்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் மணி அடிக்கவில்லை. பிள்ளைகள் நிறைந்த பாட்டில்களோடு ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். அவர் எண்ணிப் பார்த்து, தலையசைத்து, ஜன்னல் வழியாக உள்ளே நோக்கினார்.

"என்ன அது? ஈரத்துணி?"

வேன்காரர் துண்டைத் திரும்பிப் பார்த்தார். கம்பளியிலிருந்து ஆரம்பிப்பதா, ஐஸிலிருந்து ஆரம்பிப்பதா? "ஒண்ணுமில்லை மேடம்" என்றார். "வண்டிக்குக் கொஞ்சம் காய்ச்சலா இருந்துச்சு. எங்க அப்பா போட்டுவிட்டார். இப்ப தேவலை."

இன்றைக்கு என்ன திட்டோ என்று அவர் குனிந்து கேட்கத் தயாரானார். தலைமையாசிரியையோ ஜன்னல் வழியாகக் கையை விட்டு, துண்டை ஓரமாக ஒதுக்கி, புறங்கையால் அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

"ம். இறங்கிருச்சு" என்றார், அதே மெல்லிய குரலில். "இன்னைக்கு ஒரு நாளைக்கு வெயில்ல நிறுத்தாதீங்க."